பஞ்சுவின் துணிமூட்டை

சுதேசி இயக்கத்தைப் பின்னணியாக வைத்து எழுதப்பட்ட நம் கதைகளில் ஒரு காட்சி அநேகமாகத் தவறுவதில்லை. ஊர்ப் பொதுவிடத்தில் சீமைத் துணிகள் குவிக்கப்பட்டிருக்கும். தலைவர் ஒருவர் பேசுவார். கதாநாயகி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தன்னுடைய மெல்லிய சீமைச் சேலையை நெருப்பில் எறிவாள். அவளுடைய தகப்பனார் சர்க்கார் உத்தியோகஸ்தராக இருப்பார். ஆகவே அன்றிரவு வீட்டில் ஒரு சண்டை உண்டு. அடுத்த அத்தியாயத்தில் அவள் கதர் உடுத்திக்கொண்டு வருவாள். கதாநாயகனுக்கு அவள்மேல் காதல் உறுதிப்பட்டுவிடும்.

இந்தக் காட்சியைப் பல ஆசிரியர்கள் எழுதிப் பலமுறை படித்திருக்கிறேன். சிலர் நன்றாகவும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் எழும். அந்தக் கதர்ச் சேலைக்கு யார் பணம் கொடுத்தார்கள்? அப்பாவா? அப்படியானால் அந்தத் தியாகத்தில் சர்க்கார் சம்பளத்துக்கும் பங்கு உண்டு அல்லவா?

குதர்க்கம் என்று வாசகர்கள் நினைக்கக்கூடாது. உள்ளூர்ச் சரக்கு என்ற பிரச்சினை முழுவதும் இந்த விலை வித்தியாசத்துக்குள்தான் அடங்கியிருக்கிறது. நம்மவர் செய்யும் பொருள் மலிவாகவும் நேர்த்தியாகவும் இருந்துவிட்டால் அதை வாங்கச் சொல்வதற்கு இயக்கம் எதற்கு, பாட்டு எதற்கு, மறியல் எதற்கு? கப்பலில் வந்தது மலிவு, பளபளப்பு. பக்கத்துத் தெருவில் செய்தது விலை அதிகம், கொஞ்சம் முரடு. இரண்டுக்கும் நடுவில் இரண்டணாவோ நாலணாவோ நிற்கிறது. அந்தக் காசு யார் மடியிலிருந்து அவிழ்கிறது என்று பார்ப்பது நாவலாசிரியனுடைய வேலை என்பது என் அபிப்பிராயம். மேடையில் பேசுகிறவருக்கு அந்தக் கவலை இல்லை. பொருளாதார நிபுணர் தேசம் பூராவுக்கும் ஒரே கூட்டலாகக் கூட்டிவிட்டுப் போய்விடுவார். ஒரு வீட்டில், ஒரு குறிப்பிட்ட மத்தியானத்தில், ஒரு மனுஷன் மடியை அவிழ்க்கத் தயங்குவதை நாவல் ஒன்றினால்தான் காட்ட முடியும்.

நான் படித்தவற்றில் அதைக் காட்டியிருக்கும் நாவல் ஒன்றே ஒன்றுதான். அது தமிழ் நாவல் அல்ல. ரவீந்திரநாத் தாகூருடைய 'கரே பாயிரே'. தலைப்பைத் தமிழில் 'வீட்டிலும் வெளியிலும்' என்று சொல்லலாம். 'சபுஜ் பத்ர' என்ற வங்கப் பத்திரிகையில் தொடராக வந்து 1916இல் புத்தகமாயிற்று. 1919இல் ஆங்கிலத்தில் வந்தது. 1984இல் சத்யஜித் ராய் அதைப் படமாக எடுத்தார். படத்தைப் பார்த்தவர்களும் நாவலைப் படித்தவர்களும் பொதுவாக அதை ஒரு முக்கோணக் காதல் கதை என்றே நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்: நல்ல கணவன் நிகில், அவன் மனைவி விமலா, வீட்டுக்கு விருந்தாளியாக வந்து அவள் மனசைக் கலைக்கும் தேசபக்தன் சந்தீப். தப்பில்லை. கதை அதுதான். ஆனால் அந்தக் கதையை நடத்திச் செல்லும் சாமான்கள் என்னென்ன என்று ஒரு ஜாபிதா எடுத்துப் பார்த்தால் வேறொரு நாவல் தெரிகிறது. பென்சில், பேனாக்கத்தி, சோப்பு, நூல், சர்க்கரை, உப்பு, துணி. ஒரு மளிகைக்கடையும் ஒரு ஜவுளிக்கடையும் சேர்ந்து அந்த நாவலுக்குள் இருக்கின்றன.

காலம் வங்கப் பிரிவினைக் காலம். 1905 ஆகஸ்ட் 7ஆம் தேதி கல்கத்தா டவுன் ஹாலில் பகிஷ்காரத் தீர்மானம் நிறைவேறியது. அக்டோபர் 16ஆம் தேதி பிரிவினை அமலுக்கு வந்தபோது, ஒருவருக்கொருவர் ராக்கி கட்டிக்கொள்ளச் சொல்லித் தெருவில் இறங்கி நடந்தவர்களில் தாகூரே முன்னால் நின்றார். பிறகு சில வருஷங்களுக்குள் அவர் ஒதுங்கிக்கொண்டுவிட்டார். ஏன் ஒதுங்கினார் என்பதற்குக் கட்டுரைகளிலும் பதில் சொல்லியிருக்கிறார். ஆனால் முழுப் பதில் இந்த நாவலில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நிகில் ஒரு ஜமீன்தார். ஊரெல்லாம் சுதேசி என்று கூச்சல் போடுவதற்கு எத்தனையோ முந்தியே அவன் சுதேசி. உள்நாட்டுக் கத்தியால் உள்நாட்டுப் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நாணல் பேனாவால் எழுதுவான். அவன் மேஜைமேல் பூ வைப்பதற்கு ஒரு சாதாரணப் பித்தளைச் செம்பு. வெள்ளைக்காரர் யாராவது வருகிறார் என்றால் விமலா வெட்கப்பட்டுக்கொண்டு அந்தச் செம்பை எடுத்துவிட்டுச் சீமைக் கண்ணாடி ஜாடியை வைத்துவிடுவாள். நிகிலுடைய அண்ணி இன்னும் கெட்டிக்காரி. கொழுந்தனைச் சந்தோஷப்படுத்துவதற்காக, எனக்கு நாட்டுச் சோப்பு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்வாள். தான் குளிப்பது என்னவோ சீமைச் சோப்பில்தான். நாலு வரியில் வந்து போகிற இந்தச் சோப்புக்காகவே தாகூருக்கு ஒரு நமஸ்காரம் செய்யலாம். பிற்காலத்தில் எத்தனை வீடுகளில் கதர் வேட்டி கொடியில் காய்ந்துகொண்டு, மல் வேட்டி பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது என்பதை அறிந்தவர்களுக்கு இது விளங்கும்.

இந்த நிகில் ஈச்சஞ்சாறு இறக்கிச் சர்க்கரை காய்ச்சப் பார்த்துப் பணத்தை விட்டவன். இந்தியர்கள் நடத்திய கப்பல் கம்பெனிகளில் பணம் போட்டு, கப்பலோடு பணமும் முழுகக் கண்டவன். இந்திய ஆலை நூலைத் தருவித்துத் தன் சந்தையில் விற்றுப் பார்த்தவன். ஒவ்வொரு தடவையும் நஷ்டம். ஒவ்வொரு தடவையும் அந்த நஷ்டம் அவன் பெட்டியிலிருந்து போயிற்று. யாரிடமும் அவன் கணக்குச் சொல்லவில்லை, கைத்தட்டலும் கேட்கவில்லை.

இவ்வளவையும் செய்தவன், தன்னுடைய சுக்சார் சந்தையில் அந்நியச் சரக்கு விற்கக்கூடாது என்று உத்தரவு போட மாத்திரம் மறுக்கிறான். சந்தீப் கேட்கிறான், காலேஜ் பையன்கள் கேட்கிறார்கள், கடைசியில் விமலாவே கேட்கிறாள். முடியாது என்கிறான். ஊர் அவனைத் துரோகி என்கிறது. இந்த இடத்தில்தான் நாவல் பிறக்கிறது என்று சொல்லவேண்டும்.

நாவலில் இதற்குக் காரணம் விளக்குகிறவர் நிகிலுடைய பழைய உபாத்தியாயர் சந்திரநாத பாபு. அவர் பையன்களிடம் வாதாடுகிற பக்கங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. என்றாலும் தாகூருக்கு வாதத்தில் ஆசை அதிகம். பாத்திரங்களைப் பேசவைத்தால் நிறுத்தமாட்டார். அந்த வாதங்களையெல்லாம் மறந்துவிட்டாலும் மறக்க முடியாத ஒருவன் இருக்கிறான். அவன் பெயர் பஞ்சு. தமிழ்க் காதுக்கு இந்தப் பெயர் பொருத்தம் வேடிக்கையாக இருக்கும். வங்காளத்தில் இதற்கும் பருத்திக்கும் சம்பந்தமில்லை.

பஞ்சு பக்கத்து ஜமீனான ஹரீஷ் குண்டுவின் குடியானவன். விடிகிறதற்கு முன்னால் ஒரு கூடையில் வெற்றிலை, புகையிலை, சாயநூல், சீப்பு, முகம் பார்க்கும் கண்ணாடி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் சதுப்பைக் கடந்து, ஏழை எளியவர்களின் குடியிருப்புக்குப் போவான். அங்கே அவற்றைக் கொடுத்து நெல் வாங்கிக்கொள்வான். முதலுக்கு மேல் கொஞ்சம் மிஞ்சும். வீடு நிறையக் குழந்தைகள். மனைவி க்ஷயரோகத்தில் இறந்துபோகிறாள். வைத்தியச் செலவும் சடங்குச் செலவும் சேர்ந்து அவனை மொட்டையடித்துவிடுகின்றன. உபாத்தியாயர் கொஞ்சம் பணம் கடனாகக் கொடுக்கிறார். அதைக்கொண்டு துணி வாங்கி ஊர் ஊராகச் சுமந்து விற்கிறான். சீமைத் துணிதான். அவனிடம் வாங்குகிறவர்களுக்கு அந்த விலைதான் கட்டும்.

அந்தச் சமயத்தில் சுதேசி வருகிறது. பஞ்சுவின் ஜமீன்தார் ஒரே நாளில் தேசபக்தராகிறார். அந்நியத் துணி விற்றதற்காகப் பஞ்சுவுக்கு நூறு ரூபாய் அபராதம். மூட்டையை எல்லோர் முன்னாலும் கொளுத்தவேண்டும் என்று உத்தரவு. இனிமேல் விற்பதில்லை என்று அவன் காலில் விழுகிறான். நடக்கவில்லை. அப்போது, பாவம், அவன் ஒரு யோசனை சொல்கிறான். தனக்கு இதைக் கொளுத்துகிற சக்தி இல்லையென்றும், எஜமானுக்குத்தான் வசதி இருக்கிறதே, எஜமானே இதை விலைக்கு வாங்கிக் கொளுத்திவிடலாமே என்றும் கேட்கிறான். ஜமீன்தாருக்கு முகம் சிவந்துவிடுகிறது. பதில் செருப்படி.

சுதேசியைப் பற்றி இந்திய மொழிகளில் எழுதப்பட்ட அத்தனை பக்கங்களிலும் இதைவிட நியாயமான யோசனையை யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. பஞ்சு கிண்டல் செய்யவில்லை. தத்துவம் பேசவில்லை. கணக்குத் தெரிந்த ஒரு சில்லறை வியாபாரி, சரக்கு அழியவேண்டுமானால் அதன் விலையை யாராவது கொடுக்கவேண்டும் என்று நினைக்கிறான். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வியைச் செருப்பால் மட்டுமே எதிர்கொள்ள முடிகிறது. தேசபக்தியின் பெயரால் ஒரு மனிதன் இன்னொரு மனிதனுடைய முதலைக் கொளுத்துகிற காட்சியை, தலைவர் பேச்சு இல்லாமல், கோஷம் இல்லாமல், ஜமீன் கச்சேரி முற்றத்தில் வைத்துக் காட்டியது தாகூருடைய மேதை.

இதே கணக்கு மேல்மாடியிலும் நடக்கிறது. மீர்ஜான் என்பவனுடைய படகு அந்நியச் சரக்கு ஏற்றிச் செல்கிறது என்பதற்காக அதை முழுகடித்துவிடுகிறார்கள். அந்த விவகாரத்தை அமுக்கப் பணம் வேண்டும். இயக்கத்துக்கும் பணம் வேண்டும். சந்தீப் விமலாவிடம் முதலில் ஐம்பதாயிரம் கேட்டு, பிறகு ஐயாயிரத்துக்கு இறங்குகிறான். விமலா கணவனுடைய இரும்புப் பெட்டியைத் திறந்து ஆறாயிரம் ரூபாய்த் தங்க நாணயங்களை எடுத்துவிடுகிறாள். அந்தப் பணம் யாருடையது? வருஷாவருஷம் நிகில் தன் விதவை அண்ணிமார் இருவருக்காகவும் ஒதுக்கி வைக்கிற பணம். நாட்டுச் சோப்புக் கேட்டு வாங்கிய அந்த அண்ணிக்கும் அதில் பாதி. கீழே பஞ்சு, மேலே விதவைகள். சந்தீப் பேசுகிற சுதேசிக்கு விலை கொடுத்தவர்கள் இவர்கள்தாம். சந்தீப் தன் கையிலிருந்து ஒரு தம்படி கொடுத்ததாக நாவலில் எங்கும் இல்லை. இதைத் தாகூர் எங்கும் கூட்டிச் சொல்லவில்லை. வாசகனே கூட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்.

1922இல் ஜியார்ஜ் லூகாச் என்ற பெரிய விமர்சகர் இந்த நாவலை ஜெர்மன் மொழியில் கடுமையாகத் தாக்கி எழுதினார். சந்தீப் என்பது காந்தியைக் கேலி செய்யும் பாத்திரம் என்பது அவர் கட்சி. லூகாச் நாவலைப் பற்றி எழுதியவற்றில் எத்தனையோ நல்ல விஷயங்கள் உண்டு. ஆனால் இது பஞ்சாங்கம் பார்க்காமல் சொன்ன ஜோசியம். காந்தி தென்னாப்பிரிக்காவை விட்டு இந்தியா வந்தது 1915 ஜனவரி. தாகூர் நாவலை எழுத உட்கார்ந்ததும் அதே வருஷம். காந்தி அப்போது எந்தத் துணியையும் கொளுத்தச் சொல்லவில்லை. பம்பாய்ப் பரேலில் அவர் முன்னிலையில் துணிக் குவியல் எரிந்தது 1921 ஜூலை 31ஆம் தேதி. அதற்குப் பிறகு தாகூரும் காந்தியும் இதைப் பற்றி நேருக்கு நேராகவே எழுத்தில் வாதாடினார்கள். எரிக்கிற துணி எரிக்கிறவனுக்குச் சொந்தமா என்பது தாகூர் கேட்டவற்றில் ஒன்று. ஐந்து வருஷத்துக்கு முன்னால் பஞ்சு கேட்டதுதான். காந்தியின் பக்கத்திலும் சாமானியமான பதில் இல்லை: பசித்தவனுக்கு வேலைதான் அன்னம், ராட்டை அந்த வேலையைக் கொடுக்கிறது என்றார் அவர். இந்த வாதத்தில் யார் ஜெயித்தார்கள் என்று தீர்ப்புச் சொல்ல நான் முன்வரவில்லை. ஆனால் காந்தி சொன்ன அந்தப் பசித்த மனிதன் தாகூருடைய நாவலில் எங்கே?

எனக்கு இந்த நாவலோடு இருக்கும் சண்டை இங்கேதான். லூகாசின் சண்டை எனக்கு வேண்டாம். 'கரே பாயிரே'யில் வாங்குகிறவர்கள் உண்டு, விற்கிறவன் உண்டு, எரிக்கிறவர்கள் உண்டு. செய்கிறவன் இல்லை. ஒரு நெசவாளி இல்லை. அந்தச் சீவ முடியாத பென்சிலையும் அந்தச் சோப்பையும் செய்தவன் யார், அவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று ஒரு வரிகூட இல்லை. நாட்டுச் சரக்கு என்றாலே நாவலில் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. அதற்கு ஆசிரியருடைய சொந்த அனுபவமும் காரணம். 1912இல் வெளிவந்த தம் வாழ்க்கை நினைவுகளில் இளமைக் காலத்துச் சுதேசி முயற்சிகளை அவர் வர்ணித்திருக்கிறார். தீக்குச்சி செய்தார்கள், செலவான பணத்தில் ஒரு குடும்பம் வருஷம் பூராவும் அடுப்பு எரித்திருக்கலாம், அந்தக் குச்சியும் பக்கத்தில் ஒரு நெருப்பு இருந்தால்தான் பற்றும். தறி ஒன்று வைத்தார்கள், அதிலிருந்து ஒரு துண்டு வெளிவந்தது, ஒருவர் அதைத் தலையில் கட்டிக்கொண்டு ஆடினார், அதோடு சரி. அவருடைய அண்ணா ஜோதிரீந்திரநாதர் 1884இல் குல்னாவுக்கும் பாரிசாலுக்கும் இடையே நீராவிப் படகு விட்டார். வெள்ளைக்காரக் கம்பெனியோடு போட்டி முற்றி, பயணிகளுக்குக் கட்டணமும் இல்லை, சிற்றுண்டியும் உண்டு என்கிற அளவுக்குப் போயிற்று. கடைசியில் 'சுதேசி' என்றே பெயர் வைத்த படகு ஹௌரா பாலத்தில் மோதி முழுகியது. தாகூர் இதையெல்லாம் எவ்வளவு அன்போடு சொல்லிச் சிரிக்கிறார் என்பதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். ஆனாலும் அது நஷ்டத்தைத் தாங்கக்கூடிய வீட்டிலிருந்து வருகிற சிரிப்பு. நிகிலும் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

பற்றாத தீக்குச்சி பற்றாமலே இருந்துவிடவில்லை என்பது நம் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியும். சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் 1922இல் கல்கத்தாவுக்குத்தான் போனார்கள். அங்கே தீப்பெட்டி செய்கிற தொழிலைக் கற்றுக்கொண்டு 1923இல் ஊர் திரும்பினார்கள். அதுவரை நம் வீடுகளில் எரிந்த குச்சிகள் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தவை. இறக்குமதித் தீப்பெட்டிக்குக் குரோஸ் ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய் வரி என்று 1922இல் சர்க்கார் உயர்த்தியது, தன் வருமானத்துக்காக. சுதேசியை வளர்க்கவேண்டும் என்ற எண்ணம் அதற்கு இருந்ததாக யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த வரியின் நிழலில் வானம் பார்த்த பூமியான சிவகாசியும் சாத்தூரும் கோவில்பட்டியும் பிழைத்துக்கொண்டன. தாகூர் அப்போது உயிரோடு இருந்தார். தன் பட்டணத்தில் கற்ற வித்தை தெற்கே ஆயிரக்கணக்கான அடுப்புகளை எரிய வைத்தது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருந்தால் நாவலில் இன்னொரு பாத்திரம் வந்திருக்குமோ என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

அதற்காகச் சிவகாசியைச் சுதேசிக் காவியமாக்கிவிடவும் நான் தயாரில்லை. அந்தப் பெட்டி மலிவாக இருந்ததற்கு ஒரு காரணம், பல பத்தாண்டுகள் அதில் குச்சி அடுக்கிய விரல்களில் பல சிறு குழந்தைகளின் விரல்களாக இருந்தது. 1996இல் சுப்ரீம் கோர்ட்டே இதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. பஞ்சுவின் கேள்வி இங்கேயும் வந்து நிற்கிறது. வாங்கியவன் வித்தியாசக் காசைக் கொடுக்கவில்லை. ஆகவே வேறு யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கெல்லாம் மேலான ஒரு கதை இருக்கிறது. அதை நாவலாசிரியர்கள் இன்னும் சரியாகத் தொடவில்லை என்பது என் குறை. வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனி 1906 அக்டோபர் 16ஆம் தேதி பதிவாயிற்று. பிரிவினை அமலான அதே தேதி, ஒரு வருஷம் கழித்து. பத்து லட்ச ரூபாய் மூலதனம், பங்கு ஒன்று இருபத்தைந்து ரூபாய். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஏகபோகமாக ஓட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை இறக்கியது. சுதேசிக் கம்பெனியும் இறக்கியது. அவர்கள் இன்னும் இறக்கி, கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். 1908இல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911க்குள் கம்பெனியை மூடிக் கணக்குத் தீர்த்தாயிற்று. ம. பொ. சிவஞானம் 1944இல் 'கப்பலோட்டிய தமிழன்' என்று புத்தகம் எழுதினார். 1961இல் அதே பெயரில் படம் வந்தது. செக்கிழுத்த காட்சியில் அழாதவர்கள் கிடையாது. நானும் அழுதேன். சமீபத்தில் ஆ. இரா. வேங்கடாசலபதி போன்ற சரித்திராசிரியர்கள் பத்திரங்களைத் தேடி எடுத்து இந்தக் காலத்தைப் பற்றி அரிய நூல்கள் எழுதியிருக்கிறார்கள்.

வீரனைப் பற்றி எல்லாம் எழுதியாயிற்று. அந்தக் குடையை வாங்கிக்கொண்டவனைப் பற்றி யாரும் எழுதவில்லை. கதை சொல்லும்போது அவனை முட்டாள் என்றோ துரோகி என்றோ ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அவன் யார்? கொழும்பில் கடைச் சிப்பந்தி வேலைக்குப் போகிறவனாக இருக்கலாம். இலங்கையில் கூலி வேலைக்குப் போகிறவனாக இருக்கலாம். மடியில் ஒரு ரூபாய் இருக்கிறது. அது கடனாக வாங்கின ரூபாய். துறைமுகத்தில் இரண்டு கப்பல் நிற்கின்றன. ஒன்றில் ஏறினால் அந்த ரூபாய் மிச்சம், வெயிலுக்குக் குடையும் ஆயிற்று. இன்னொன்றில் ஏறினால் பிள்ளையவர்கள் பேச்சு மனசில் நிற்கும், மடியில் ரூபாய் நிற்காது. எவ்வளவு நேரம் அவன் அங்கே நின்றிருப்பான்? நின்றானா, நிற்கவே இல்லையா? கொழும்பில் இறங்கிய பிறகு அந்தக் குடையைப் பிரிக்கும்போது அவனுக்கு என்ன தோன்றியிருக்கும்? இந்த மனிதன் ஒரு நாவலுக்குப் போதுமான மனிதன்.

என் எழுத்தாள நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். குடை வாங்கினவனைக் கதாநாயகனாக்கினால் வாசகர்கள் உம்மை அடிக்க வருவார்கள் என்றார். வரட்டும். வாசகர்களில் பெரும்பாலோர் அந்தப் பயணியினுடைய பேரன் பேத்திகள் என்பது என் ஊகம்.

செய்கிறவன் நம் நாவலுக்குள் வராமலே போய்விடவில்லை. தொ. மு. சி. ரகுநாதனுடைய 'பஞ்சும் பசியும்' 1953இல் வந்தது. அம்பாசமுத்திரத்துக் கைத்தறி நெசவாளர்களின் கதை. செக் மொழியில்கூட மொழிபெயர்க்கப்பட்டு அங்கே நிறையப் பேர் படித்தார்கள். நூல் விலை ஏறி, நெய்த துணி தேங்கி, தறிகள் நின்றுபோன 1952ஆம் வருஷத்து நெருக்கடியை நினைவில் வைத்திருப்பவர்கள் இப்போது மிகச் சிலரே. ஆலைகள் எவ்வளவு வேட்டி நெய்யலாம் என்று மத்திய சர்க்கார் அந்த வருஷக் கடைசியில் வரம்பு கட்டவேண்டி வந்தது. சந்தீப்பின் எதிரி மான்செஸ்டரில் இருந்தான். ரகுநாதனுடைய நெசவாளிக்குப் போட்டி அவ்வளவு தூரத்தில் இல்லை. ரகுநாதனுக்குக் கட்சி இருந்தது. கட்சி பேசுகிற இடங்களில் நாவல் கொஞ்சம் விறைத்துக்கொள்கிறது. ஆயினும் தறிக்குழியிலிருந்து உலகத்தைப் பார்த்த முதல் தமிழ் நாவல்களில் அது ஒன்று. தாகூர் விட்ட இடம் அங்கே நிரம்புகிறது.

அப்படியும் ஒரு நாற்காலி காலி. வங்காளத்தில் விற்கிறவன் கிடைத்தான், அம்பாசமுத்திரத்தில் நெய்கிறவன் கிடைத்தான். இருவருக்கும் எதிரே காசோடு உட்கார்ந்திருக்கிற நடுத்தர வர்க்கத்து மனுஷி எங்கே? கதர்க்கடையையும் ஜவுளிக்கடையையும் கடந்து போகிறவள், சம்பளக் கவரில் வாடகைக்கும் பாலுக்கும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தை எண்ணுகிறவள். கல்கி திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலேயே இருந்து வேலை பார்த்தவர். ராட்டையையும் நூற்பவர்களையும் தினம் பார்த்திருப்பார். அவர் எழுத்தில் மதுவிலக்குக்குக் கிடைத்த இடத்தில் கால்வாசிகூட இந்தக் கணக்குக்குக் கிடைக்கவில்லை. அவருடைய 'தியாக பூமி' படத்தில் பெண்கள் நூற்கிற காட்சி உண்டு. நூற்ற நூலை நெய்த பிறகு யார் வாங்கினார்கள் என்பது கதைக்கு வேண்டாத விஷயமாகிவிட்டது.

இப்போது அந்த மனுஷியின் கையிலிருந்து தீர்மானத்தையே எடுத்துவிடுகிறார்கள். தீபாவளிக்குக் கைத்தறிக்குத் தள்ளுபடி உண்டு. வித்தியாசக் காசைச் சர்க்கார் கொடுத்துவிடுகிறது, அதாவது நாம் எல்லோரும் வேறு வழியாகக் கொடுத்துவிடுகிறோம். பதினாலு வருஷம் ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயாயிற்று. சீனத்திலிருந்து வந்த பிளாஸ்டிக் லைட்டர் பத்து ரூபாய்க்குக் கிடைத்தது. அது ஒன்று இருபது தீப்பெட்டிக்குச் சமம் என்று கோவில்பட்டிக்காரர்கள் முறையிட்டார்கள். 2023 ஜூனில், இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியாகக் கூடாது என்று மத்திய சர்க்கார் தடைபோட்டது. நிகில் தன் சந்தையில் போட மறுத்த உத்தரவு இது. தேவைதானா, நியாயமா என்று இந்த உத்தரவைப் பற்றி இரண்டு பக்கமும் பேசலாம். தீப்பெட்டித் தொழிலில் இருக்கிற பெண்களை நினைத்தால் நான் உத்தரவின் பக்கம்தான் சாய்வேன். ஆனால் நிகில் சாயமாட்டான். அவன் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை என்பதனாலேயே அந்த நாவலை மறுபடி மறுபடி எடுத்துப் படிக்கிறேன்.

சென்ற மாதமும் படித்தேன். கடைசி அத்தியாயங்களில் கலவரம் வந்துவிடுகிறது. சந்தீப் ரயிலேறிப் போய்விடுகிறான். அவனை நம்பிய சின்னப் பையன் அமூல்யன் குண்டடிபட்டுச் செத்துப்போகிறான். நிகிலைத் தலையில் காயத்தோடு பல்லக்கில் கொண்டுவருகிறார்கள். அவன் பிழைத்தானா என்பதைக்கூடத் தாகூர் சொல்லவில்லை. விமலா ஜன்னலண்டை நிற்கிறாள். பஞ்சு அதற்குள் நம் கண்ணை விட்டு மறைந்துபோகிறான். அவனுக்கு உபாத்தியாயர் கொடுத்த கடன் பாக்கி இருக்கிறது. குழந்தைகள் இருக்கின்றன. சதுப்புக்கு அப்பால் அவனிடம் துணி வாங்கிப் பழகிய பெண்கள் இருக்கிறார்கள். அடுத்த சந்தைக்கு அவன் எந்தத் துணியை மூட்டை கட்டினான் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.